கனமில்லாத சீர்

அலுமினியச் சட்டி இல்லாத அடுப்படி ஒன்றை இன்றைக்கு யாராவது காட்டுங்கள் பார்ப்போம். ரயிலில் போகிறவரின் தூக்குச்சட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் டப்பா, ஆஸ்பத்திரிக் கஞ்சிப் போணி எல்லாம் அதுதான். அதை யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. நசுங்கினால் மூலையில் எறிந்துவிட்டு வேறு வாங்கிக்கொள்கிறார்கள். எனக்கு மட்டும் அதைப் பார்த்தால் இடது கையில், முழங்கைக்குச் சற்று மேலே, சுள்ளென்று ஒரு கிள்ளு ஞாபகத்துக்கு வரும்.

கிள்ளியவள் என் அத்தை. அப்பாவுக்கு மூத்தவள். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் திருநெல்வேலியில் தம்பி வீட்டோடு வந்து இருந்தவள். அவளுடையது என்று அந்த வீட்டில் இருந்தவை ஒரு மரப்பெட்டி, ஒரு வெற்றிலைச் செல்லம், ஒரு வெண்கலப் பானை, அப்புறம் அவளுடைய வாய். வாய்தான் எல்லாவற்றிலும் பெரியது. அப்பா தாலுகா கச்சேரியில் உத்தியோகம் பார்த்தார். வீட்டில் உத்தியோகம் பார்த்தது அத்தை.

அந்த வெண்கலப் பானை அவள் கல்யாணத்துக்கு அவளுடைய தாய்மாமன் போட்ட சீர். அதில் சாத்தான்குளத்துக் கருப்பட்டியைப் போட்டுத் துணியால் வாய்கட்டி மச்சில் வைத்திருப்பாள். அதன் விளிம்பில் ஒரு நசுங்கல் உண்டு. நான் நாலு வயதில் மச்சுப்படியில் உருட்டிவிட்டதால் வந்தது. அதனால் இருட்டில் தொட்டால்கூட அந்தப் பானையை எனக்குத் தெரியும். பல தடவை இருட்டில்தான் தொட்டிருக்கிறேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீடு களக்காடு. நல்ல வயல் வசதி, பெரிய குடும்பம், பேசுவதற்கு நிறைய பெண்கள்.

மாமன் சீர் என்பது எங்களில் லேசான சமாச்சாரம் இல்லை. பெண்ணின் தாய்மாமன் கொண்டுவரும் பாத்திரங்களை ஊர்வலமாக எடுத்து வந்து வீட்டின் முன்கூடமான பட்டாசாலையில் ஜமுக்காளத்தின் மேல் பரப்பி வைப்பார்கள். இரு வீட்டுப் பெண்களும் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்ப்பார்கள். தராசெல்லாம் வேண்டாம், மணிக்கட்டு சொல்லிவிடும். கனம் குறைவாக இருந்தால் முகத்துக்கு நேரே யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ‘கைக்கு அடக்கமா இருக்கு’ என்பார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை வாங்கிய எதிர்வீட்டு மதினிக்குப் பேரன் பிறந்த பிறகும் தெருவில் தகட்டுப்பானைக்காரி என்றுதான் பெயர்.

ஆகவே இந்தச் சீரில் தொங்கிக்கொண்டிருந்தது அக்காவின் மானம் இல்லை, அம்மாவின் மானம். அவளுக்குப் பிறந்தவீடு என்று மிஞ்சியது ஒரே ஒரு தம்பி. சென்னைப் பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரசாயன வாத்தியார். எங்கள் வீட்டில் யார் என்ன சொன்னாலும், என் தம்பி வரட்டும் பாருங்கள் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் அம்மா. மளிகைக்காரனிடமும் சொன்னாள், பால்காரியிடமும் சொன்னாள்.

தம்பி வந்தார். கல்யாணத்துக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னாலேயே, ஸ்டேஷனிலிருந்து குதிரை வண்டியில், ஒரு பெரிய மரப்பெட்டியோடு. வண்டிக்காரன் அந்தப் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் வைத்தான். வாசலில் நின்றுகொண்டிருந்த அம்மாவின் சிரிப்பு அந்த இடத்திலேயே பாதியாகிவிட்டது.

வைக்கோலை விலக்கிவிட்டு மாமா ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். எல்லாம் வெள்ளை வெளேரென்று மின்னின. பெரிய பானை, சருவச்சட்டி, தட்டுகள், செம்பு, சுண்ணாம்பு வைக்க வட்டமாக ஒரு சின்னக் கரண்டகம். வெள்ளிதான் வந்துவிட்டது என்று நான் குதித்தேன். அத்தை சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகி, காலை அகற்றி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரிய பானையைத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் பானை அவள் காதைத் தாண்டிப் போயிற்று. அவள் இரண்டடி பின்னால் போய்த் தூணில் சாய்ந்தாள். நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அத்தை பானையைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பானையைப் பையக் கீழே வைத்துவிட்டு, “தம்பி, பானை எங்க? இது பானைக்குத் தச்ச சட்டைல்லா?” என்றாள்.

அம்மா விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அதைப் போட்டு ஊது ஊதென்று ஊதினாள். மாமா வந்து நிலைப்படியில் நின்றார். ஊதுகுழலைக் கையில் வைத்துக்கொண்டே, தங்கள் அப்பா வைத்துவிட்டுப் போன வாய்க்கால்கரை வயல் என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டாள்.

“அந்த வயலைத்தான் நான் படிச்சிட்டனே அக்கா” என்றார் மாமா, சிரித்துக்கொண்டே.

வயலை எப்படிப் படிப்பது என்று எனக்கு விளங்கவில்லை. பட்டணத்துப் படிப்பு அப்படி இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். அம்மா திரும்பிக்கொண்டு மறுபடியும் அடுப்பை ஊதினாள். புகையே இல்லாத அடுப்பில் அவளுக்குக் கண் கலங்கியது.

விளக்கு வைத்த பிறகு எல்லோரும் பட்டாசாலையில் உட்கார்ந்திருந்தோம். மாமா தலையைக் குனிந்துகொண்டு ஜமுக்காளத்து நூலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தார். பிள்ளைகளையெல்லாம் மிரட்டும் வாத்தியார், பாடம் ஒப்பிக்கத் தெரியாத பிள்ளை மாதிரி இருந்தார். அத்தை வெற்றிலையைக் காம்பு கிள்ளிக்கொண்டே ஆரம்பித்தாள்.

“எல்லாஞ் சரி தம்பி. நம்ம பாட்டன் பூட்டன் காலத்துல செம்பு இருந்துது, வெண்கலம் இருந்துது, இரும்பு இருந்துது. ஒருத்தன் கண்ணுலயும் இந்த வெள்ளைத் தகரம் ஏன் படலை? நல்ல பொருளா இருந்தா இத்தனை காலமா எங்க ஒளிஞ்சு கெடந்துது?”

மாமா நிமிர்ந்தார். அந்தக் கேள்விக்காகவே பட்டணத்திலிருந்து வந்தவர் மாதிரி முகம் மலர்ந்துவிட்டது. ஒளிந்தெல்லாம் கிடக்கவில்லை மதினி, நம் காலடியிலேயே கிடந்தது என்றார். களிமண்ணில் இருக்கிறது, செங்கல்லில் இருக்கிறது, குயவன் வனைகிற பானையில் இருக்கிறது. பொன் மண்ணில் தனியாகக் கிடக்கும், பொறுக்கிக்கொள்ளலாம். இரும்புக்கல்லைக் கரியோடு போட்டு ஊதினால் இரும்பு பிரிந்து வந்துவிடும். செம்பும் அப்படித்தான். இது வராது. உலகத்தில் உள்ள கரியையெல்லாம் கொட்டி ஊதினாலும் மண்ணைக் கட்டிக்கொண்டு விடாது. மின்சாரத்தை உள்ளே செலுத்தினால்தான் விடும். அந்த வித்தை பிடிபட்டே ரொம்ப வருஷம் ஆகவில்லை. அதற்கு முன்னால் வேறு என்னென்னவோ பாடுபட்டுக் கையளவு எடுத்தார்களாம். அப்போது அது வெள்ளியைவிட உசத்தி. சீமையில் ஒரு ராஜா விருந்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் பொன்தட்டில் சோறு போட்டுவிட்டுத் தான் மட்டும் இந்தத் தட்டில் சாப்பிட்டதாக ஒரு கதைகூட உண்டாம்.

அத்தை லேசில் விடுகிறவளா? மின்சாரம் என்றால் என்ன என்றாள். மின்னல் தெரியுமல்லவா, அதைக் கட்டிப் பிடித்துக் கம்பி வழியே நடத்திக் கூட்டிவருவது என்றார் மாமா. அத்தை அப்புறம் ஒன்று கேட்டாள், அவர் ஒன்று சொன்னார். அவள் குறுக்கே விழ விழ அவர் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. அப்பாகூட நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். அடுப்படி வாசலில் நின்ற அம்மாவின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

எனக்குப் போதுமானது கிடைத்துவிட்டது. அது ஐப்பசி மாதம், தினமும் சாயங்காலம் மின்னலுக்குப் பஞ்சமில்லை. வாய்க்காலில் களிமண் எடுத்துத் தேங்காய் பருமனுக்கு உருட்டி மொட்டை மாடியில் வைத்துவிட்டு வந்தேன். மின்னல் விழுந்தால் காலையில் வெள்ளைப் பானை எடுக்கலாம் என்று கணக்கு. ராத்திரி முழுதும் மழை கொட்டியது. களிமண் கரைந்து போய்த் தண்ணீர் போகிற தூம்பை அடைத்து, மாடியில் குளம் கட்டி, உள்ளே அரிசி மூட்டைமேல் ஒழுகிவிட்டது. அன்றைக்கு எனக்கு விழுந்த அடிக்கும் அலுமினியந்தான் காரணம், ஆனால் அதைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

அத்தை ஒரு தீர்ப்புச் சொன்னாள். பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிப் பார்ப்பது, தேறினால் சபையில் வைப்பது. அவளே ஏற்றினாள். அரிசி சீக்கிரம் வெந்தது. கஞ்சி வடிக்க மணிக்கட்டு நோகவில்லை. சாம்பல் போட்டு விளக்கியதில் மட்டும் பானை கறுத்துப்போக, அம்மா பதறினாள். மாமா புளியைப் போட்டுத் தேய்த்துப் பளபளப்பை மீட்டுக் கொடுத்து, இதற்குச் சாம்பல் ஆகாது என்று எச்சரித்தார். சாம்பலைச் சொன்னவர் சுண்ணாம்பைச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை பாவம். பட்டணத்தில் அவர் வெற்றிலை போடுவதை விட்டு ரொம்ப நாளாயிற்றாம்.

மாப்பிள்ளையின் அப்பா கல்யாண ஏற்பாடு பேசக் களக்காட்டிலிருந்து வந்தார். ஆள் ஆஜானுபாகு. மீசை அதைவிட. வயல், வரப்பு, வண்டல் தவிர வேறு பேச்சு அவருக்கு ருசிக்காது. சம்பந்தி வந்தால் எங்களில் முதல் மரியாதை வெற்றிலைத் தட்டு. வீட்டில் இருப்பதிலேயே உசத்தியான பொருளை அதில் வைக்க வேண்டும் என்று அத்தைக்கு நினைப்பு. காலையில்தான் சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் தெளித்து நீற்றியிருந்தாள். சூடு ஆறுவதற்கு முன் அந்தச் சுண்ணாம்பை வழித்து அலுமினியக் கரண்டகம் நிறைய அடைத்து, காய்ந்துவிடாமல் இருக்க மூடியை அழுத்தி இறுக்கி, தட்டின் நடுவில் வைத்து அனுப்பினாள்.

பேச்சு நன்றாகப் போயிற்று. எத்தனை வண்டி வரும், யார் யாருக்கு எங்கே தங்கல் என்று எல்லாம் முடிந்தது. பெரியவர் ஒரு வெற்றிலையைத் தொடையில் துடைத்துவிட்டுக் கரண்டகத்தை எடுத்தார். எடுத்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

“என்னவே இது, சுடுது?” என்றார்.

அவர் மூடியைத் தொடக்கூட இல்லை. டப்பென்று ஒரு சத்தம். மூடி பறந்து போய் உத்திரத்தில் அடித்துவிட்டு முற்றத்தில் விழுந்தது. பெரியவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மீசையின் வலது பாதி கறுப்பு, இடது பாதி வெள்ளை.

அதைப் பார்த்து நான் சிரிக்காமல் இருந்ததற்கு எனக்கு யாராவது பரிசு கொடுத்திருக்க வேண்டும். அப்பா எழுந்து நின்றுவிட்டார். மாமாவுக்கு முகம் வெளுத்தது. அம்மா நிலைப்படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மங்கல காரியம் பேசும்போது வெற்றிலைத் தட்டில் வெடித்தால் ஊரில் என்ன சொல்வார்கள், அதுவும் பெண்ணின் மாமன் கொண்டுவந்த பொருள்! கல்யாணமே நின்றுவிடும் என்று அவளுக்குப் பயம். பெரியவரின் வாயிலிருந்து என்ன வருமோ என்று எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் அவருக்கு முன்னால் அத்தை முந்திக்கொண்டாள். குரலில் பதற்றமே இல்லை.

“தம்பி, அன்னைக்கு எனக்குச் சொன்னீங்கள்லா, இது ஏன் இத்தனை காலமா வரலைன்னு. அதை அண்ணாச்சிக்குச் சொல்லுங்க.”

மாமா ஆரம்பித்தார். முதலில் திக்கினார். பிறகு கரண்டகத்தைக் கையில் எடுத்து, உள்ளே இன்னும் நுரைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் வாத்தியார் ஆகிவிட்டார். இந்த உலோகம் காற்றுப் பட்டதும் தனக்குத்தானே மெல்லிசாக ஒரு தோல் போர்த்திக்கொள்ளும், அதனால்தான் நமக்கு அடங்கி இருக்கிறது, சுண்ணாம்பு அந்தத் தோலைத் தின்றுவிட்டது என்றார். தோல் போனதும் பழையபடி மண்ணாகப் போய்விட வேண்டும் என்று அதற்கு அவசரம். அந்த அவசரத்தில் கிளம்பின வாயுதான் மூடியைத் தள்ளியது.

“பிரிஞ்சு இருக்க அதுக்கு மனசே கெடையாது அண்ணாச்சி. அதான் இத்தனை காலமா ஒருத்தராலயும் பிரிக்க முடியலை” என்றார்.

பெரியவர் துண்டால் மீசையைப் பைய வழித்தார். எந்த மண் என்று கேட்டார். களிமண் என்றார் மாமா. பெரியவரின் கை மீசையிலேயே நின்றது. அவருடைய வயல் பூராவும் களிமண்தான் என்றார். அப்படியானால் உங்கள் வயல் பூராவும் இருக்கிறது என்றார் மாமா. எடுக்க முடியுமா என்று கேட்டார் பெரியவர். மாமா பொய் சொல்லத் தெரியாதவர். அந்த மண்ணிலிருந்து எடுத்துக் கட்டுப்படியாகாது, ஆனால் இருக்கிறது என்றார்.

“இருந்தாப் போதும்வே. எங்க போயிரப் போவுது” என்றார் பெரியவர்.

அப்புறம் உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார் பாருங்கள், அப்போதுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது. சீர் ஊர்வலத்தில் இந்த வெள்ளைப் பாத்திரங்கள்தான் முன்னால் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். தன் வயலில் உள்ளதைக் களக்காட்டார் கண்ணால் பார்க்க வேண்டாமா? முற்றத்தில் கிடந்த மூடியைத் தேடி எடுத்து மடியில் முடிந்துகொண்டு போனார். அது களக்காட்டில் வருவோர் போவோருக்கெல்லாம் காட்டப்பட்டதாகப் பின்னால் அக்கா சொன்னாள். வயலும் மூடியோடு சேர்ந்து பேர் வாங்கிவிட்டதாம்.

சீர் ஊர்வலத்தன்று பெரிய பானையை என் தலையில் வைத்தார்கள். அந்த வயதுப் பிள்ளைக்கு எப்போதும் பூத்தட்டுதான் கிடைக்கும். நான் இரண்டு பேர் தூக்குகிற அளவுப் பானையைத் தலையில் வைத்து, ஒரு கையை வீசிக்கொண்டு மேளத்துக்குப் பின்னால் நடந்தேன். தெருவே வாயைப் பிளந்தது. எதிர்வீட்டுத் தகட்டுப்பானைக்கார மதினி கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவில்லை. அந்தப் பத்து நிமிஷம் கல்யாணப் பெண்ணே நான்தான்.

பட்டாசாலையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்தார்கள். களக்காட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கினார்கள். தூக்கின கை மேலே போகப் போகச் சிரிப்புத்தான். பெரியவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் யாருக்கும் குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனால் மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. புதுசெல்லாம் இருக்கட்டும், காலாகாலத்துக்கும் நிற்கிற மாதிரி மாமன் ஒன்றும் போடவில்லையா என்று ஜமுக்காளத்தைக் கண்ணால் துழாவினாள். அம்மாவின் உதடு காய்ந்துபோயிற்று.

அந்தப் பெரியம்மாவின் கை, பின்வரிசையில், மஞ்சள் குங்குமம் வைத்து உள்ளே பச்சரிசி போட்டிருந்த ஒரு வெண்கலப் பானைமேல் போய் நின்றது. ஒரு கையால் தூக்கினாள், வரவில்லை. இரண்டு கையாலும் தூக்கிவிட்டுத் தலையை ஆட்டினாள்.

“மாமன் சீர் கனமாத்தான் இருக்கு” என்றாள்.

மாமா அந்தப் பானையைப் பார்த்துத் திகைத்து வாயைத் திறந்தார். தூணோரம் நின்ற அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தாள், வாய் மூடிக்கொண்டது. ஆனால் நான் அந்தப் பார்வைக்கெல்லாம் அடங்குகிற ஆள் இல்லை. பானையின் விளிம்பில் என்னுடைய நசுங்கல் எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததைச் சொல்லாமல் என்னால் எப்படி இருக்க முடியும்? “அத்தை, இது உங்க கருப்பட்டி...” என்று ஆரம்பித்தேன்.

அப்போது விழுந்ததுதான் அந்தக் கிள்ளு. உயிர் போய்விட்டது. அத்தை சபையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “பிள்ளைக்குக் கருப்பட்டி வேணுமாம். இன்னும் சாப்பிடலை” என்று என்னைத் தரதரவென்று உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடிக் கையைக் காட்டினேன். கன்றிச் சிவந்திருந்தது. அம்மா என் கையைப் பார்க்கவே இல்லை. நேரே அத்தையிடம் போய், என்னைக் கிள்ளிய அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அத்தை, “விடு, வேலை தலைக்கு மேல கெடக்கு” என்று கையை உருவிக்கொண்டாள். கிள்ளு வாங்கியவள் நான், உபசாரம் கிள்ளினவளுக்கு. இதைவிட அநியாயம் உண்டா என்று அன்றைக்கு முழுதும் அவர்கள் இருவரோடும் நான் பேசவில்லை. தன் மாமன் தனக்குப் போட்ட ஒரே பானையை என் மாமாவின் பெயரில் வைத்துவிட்டாள் அத்தை என்பதும், மாமா வந்த அன்று அந்த வெள்ளைப் பானையைத் தூக்கியபோதே அவருடைய நிலைமையை அவள் தூக்கிப் பார்த்துவிட்டாள் என்பதும் அந்த வயதில் எனக்கு எங்கே தெரியும்?

கல்யாணமெல்லாம் முடிந்து, அக்கா களக்காட்டுக்கும் மாமா பட்டணத்துக்கும் போன பிறகு, ஒருநாள் வழக்கம்போல மச்சுக்கு ஏறி இருட்டில் கையை நீட்டினேன். கையில் தட்டுப்பட்டது ஒரு மண்பானை. நசுங்கலும் இல்லை, ஒன்றும் இல்லை. கீழே இறங்கி வந்து, ஏன் கருப்பட்டியை மண்பானையில் போட்டிருக்கிறீர்கள் என்று அத்தையிடமே கேட்டேன். திருடப்போனதை நானே ஒப்புக்கொள்கிறேன் என்பதுகூட அப்போது தோன்றவில்லை.

அத்தை பாக்கை வாயில் ஒதுக்கிக்கொண்டாள்.

“ஏட்டி, அந்த வெள்ளைப் பொருள் அதுக்குள்ளதான் இருக்காம். உங்க மாமா சொன்னான்லா” என்றாள்.

நான் உடனே மச்சுக்கு ஓடி, விளக்கைக் கொண்டுபோய், பானைக்குள் தலையை விட்டு நன்றாகத் தேடிப் பார்த்தேன். கருப்பட்டிதான் இருந்தது. ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டு இறங்கி வந்தேன்.